பேரா பேலஸில் ஓரிரவு



உம்ரா நிறைவேற்றித் திரும்பும் வழியில் இஸ்தான்புல் நகரில் ஓரிரவு தங்கினோம். "அத்தா, நீங்களும் அம்மாவும் ஒருநாளேனும் அரண்மனை போன்ற இடத்தில் உறங்கி எழ வேண்டும்" என்று துபாயிலுள்ள மகன் பிடிவாதமாய் அறை எடுத்துவிட்டான். அந்த வாடகைக்கு நெய்வேலியில் எத்தனை வீடுகளுக்கு அரிசி வாங்கலாம் என்று மனக்கணக்குப் போட்டவாறே படியேறினேன். உங்களிடம் மறைப்பானேன்?

விடுதியின் பெயர் பேரா பேலஸ். ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் ரயிலில் வந்திறங்கும் ஐரோப்பியச் சீமான்களுக்காக 1892-இல் கட்டத் தொடங்கி, 1895-இல் திறப்பு விழா நடத்தினார்கள். சிர்கேஜி நிலையத்திலிருந்து விருந்தினரைப் பல்லக்கில் சுமந்து வருவார்களாம். அத்தகைய பல்லக்கொன்றை விடுதியில் காட்சிக்கு வைத்துள்ளனர். முஸ்தபா கமால் தங்கிய 101-ஆம் அறை 1981 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. 1924-இல் கிலாபத் நீக்கப்பட்டதில் நம் முன்னோர் அவர்மீது கொண்ட மனவருத்தம் நீங்கள் அறிந்ததே. எனினும் அவ்வறையை எட்டிப் பாராமல் கடந்து செல்லக் கால்கள் உடன்படவில்லை!

என்னைக் கட்டிப்போட்டது அங்குள்ள பழைய மின்தூக்கிதான். இரும்புக் கம்பி வேலைப்பாடும் மரக்கூண்டுமாக, ஓர் அழகிய பல்லக்கையே நிமிர்த்தி வைத்தாற்போல நிற்கிறது. சுல்தானின் அரண்மனைகளுக்கு வெளியே அந்நகரில் முதன்முதலாக மின்சாரம் கண்ட கட்டடம் இதுவே என்கின்றனர். நகருக்கு மின்சாரம் வழங்கிய சிலாஹ்தரஆகா அனல்மின் நிலையமோ 1914-இல்தான் இயங்கத் தொடங்கியது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள்! விடுதிக்குள் மின்னொளி, சுற்றியிருந்த வீடுகளிலோ அது இல்லை.

இது நெய்வேலிக்காரனின் நெஞ்சை உறுத்தாதிருக்குமா? 1962-இல் மின் உற்பத்தி தொடங்கி, 2020-இல் ஓய்வுபெற்ற நம் முதலாம் அனல்மின் நிலையத்தில் முப்பத்தோராண்டுகள் ஷிப்ட் பார்த்தவன் நான். இரவு ஷிப்ட் முடிந்து வந்து, குவார்ட்டர்ஸில் மின்விசிறியின் கீழ் அயர்ந்து உறங்கிய அந்நாட்களில், சில மைல் தொலைவிலிருந்த மாமனார் வீட்டில் எரிந்தது சிம்னி விளக்கே. ஒருநாளேனும் அதைப் பற்றி நான் எண்ணிப் பார்த்ததில்லை.

கூடத்துச் சரவிளக்கை அண்ணாந்து பார்த்த என் துணைவியார், "எங்க அத்தா வீட்டுக்கு லைட்டு வந்தது நம்ம பெரியவன் பிறந்த பிறகுதானே?" என்றார். நான் வாய் திறக்கவில்லை.

இஷா தொழுதபின் அறையில் ஒவ்வொரு விளக்காக அவரே அணைத்து வந்தார். கட்டில் அருகிலிருந்த ஒன்றுக்கு மட்டும் சுவிட்ச் எங்கே என்று இருவருக்கும் புலப்படவில்லை. யாரையும் அழைத்துக் கேட்கவும் கூச்சம். பஜ்ருவரை அது எரிந்துகொண்டே இருந்தது.