பேச்சு மருத்துவம்: பாதியே இணையவழி

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் பேச்சுக் குறைபாடு உள்ளோர் சுமார் 20 லட்சம் பேர். அவர்களுக்குச் சிகிச்சை அளிக்கும் பேச்சு - மொழி நோயியல் நிபுணர்களோ பெருநகரங்களிலேயே குவிந்துள்ளனர். இந்நிலையில், அதற்கான முதுநிலைப் பட்டத்தை இணையவழியில் படிக்க இயலாதா என்ற கேள்வி எழுவது இயல்பே.

இயலும்; ஆனால், பாதி மட்டும். உடற்கூறியலையும் மொழியியலையும் திரையில் கற்கலாம். பக்கவாதம் தாக்கியவருக்குப் புரையேறாமல் உணவை விழுங்கப் பயிற்சி அளிப்பதை நோயாளியின் அருகிலிருந்தே கற்க வேண்டும். இணையவழிப் பட்டங்களை ஏற்கும் அமெரிக்காவிலேகூட, தொழில் சான்றிதழுக்கு 400 மணி நேர மருத்துவப் பயிற்சி கட்டாயம்.

இங்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்யாமல் இத்தொழிலை நடத்தினால், 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். லட்சக்கணக்கில் கட்டணம் செலுத்தும் முன், அப்பட்டத்தைக் கவுன்சில் ஏற்கிறதா என விசாரிப்பது அவசியம்.

மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம், 2000-களின் பிற்பகுதியில் பட்டயப் படிப்பு ஒன்றைப் புதுச்சேரி ஜிப்மர் உள்ளிட்ட மையங்களில் காணொலி வழியே தொடங்கியது. பாடம் மைசூரிலிருந்து; பயிற்சி அந்தந்த ஊரில். இம்முறையை முதுநிலைக்கும் ஏன் விரிவுபடுத்தக் கூடாது? மாவட்ட மருத்துவமனைகளில் வழிகாட்ட நிபுணர் இல்லை என்பதுதான் தடையெனில், அப்பணியிடங்களை உருவாக்கி நிரப்ப வேண்டியது அரசுகளே.