கோவைக்கு ஒரு மரநிழல் பாதை

கோயமுத்தூரில் உலாவுவதென்றால் ரேஸ் கோர்ஸ் என்றே நம் ஜனங்களுக்கு வழக்கமாகிவிட்டது, சுமார் 2.5 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சமதளச் சுற்று, முதியவர்க்கும் குழந்தைகளுக்கும் ஏற்றதே என்பதில் ஆட்சேபமில்லை. ஆயினும், 1902-இல் தோன்றிய காஸ் வன அருங்காட்சியகத்தையும், 1912-இல் தொடங்கிய வனக் கல்லூரியின் பாரம்பரியத்தையும் தாங்கி, விருட்சங்கள் ஓங்கி நிற்கும் கௌலி பிரௌன் சாலை வளாகமும், சைதாப்பேட்டையிலிருந்து 1906-இல் இங்கு வந்து வேரூன்றிய விவசாயக் கல்லூரியின், அதாவது இன்றைய வேளாண் பல்கலைக்கழகத்தின், தாவரவியல் பூங்காவும் இவ்வளவு சமீபத்தில் அமைந்திருக்க, இரண்டையும் இணைக்கும் நடைவழியை நாம் ஏன் கோரலாகாது? தன் குன்றுப் பூங்காக்களைப் பாலங்களால் கோத்து, சுமார் 10 கிலோமீட்டர் நடைவழியை 2008-இல் நிறைவு செய்தது, நிலத்துக்குத் தட்டுப்பாடுள்ள சிங்கப்பூர்.

ஆராய்ச்சிக்குரிய மரங்களுக்குப் பங்கம் நேருமோ என்ற அச்சம் நியாயமானதே. ஆகையால், வேலியிட்ட ஒரே பாதையைக் காலையிலும் மாலையிலும் குறித்த நேரத்திற்கு மட்டும் திறந்தால் போதும். கருங்கல் தளமும் அலங்கார விளக்கும் வேண்டாம். மண்பாதையும், மரந்தோறும் தமிழ்ப் பெயரும், இளைப்பாற ஓரிரு பெஞ்சும் போதுமானவை. இவ்வழியில் வரும் லாலி ரோடு சந்திப்பை நடப்போர் அச்சமின்றிக் கடக்க வழிசெய்வதே மாநகராட்சியின் முதல் கடமை.