ஐந்தாம் பகுதியை மட்டும் படிக்கிற அன்பர்களுக்கு

தை பிறந்தாலே எனக்கு ஒரே மாதிரி போன் வர ஆரம்பிச்சுடும். "அண்ணே, நெல்லு நிக்கும்போதே உளுந்தைத் தெளிச்சா உழவே வேண்டாமாமே? தண்ணியும் பாய்ச்ச வேண்டாமாமே?" வேண்டாம்தான். எழுதினதே நான்தான். ஆனா அது ஒரு தொடரோட ஐந்தாம் பகுதி. முதல் நாலு பகுதியைப் படிச்சீங்களான்னு கேட்டா, "நேரமில்லண்ணே, மேட்டர் இதுல இருக்கே" என்கிறார்கள். இல்லை சாமி. மேட்டர் அந்த நாலில்தான் இருக்கிறது.

நகரத்து அன்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. இன்றைக்குக் கொஞ்சம் கறாராகவே எழுதப்போகிறேன்.

எங்கள் காவிரி டெல்டாவில் சம்பா, தாளடி நெல்லை அறுக்க ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போது, மண் மெழுகுப் பதத்தில் இருக்கிற நேரம் பார்த்து, நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தைத் தெளிப்போம். மெஷின் அறுவடை என்றால் நாலு நாள் முன்னால்தான் தெளிக்கணும், இல்லாட்டி முளைத்ததெல்லாம் செயினில் நசுங்கிப் போகும். அறுத்த பிறகு வெயில் பட்டு உளுந்து மேலே வரும். மிச்ச ஈரத்தையும் பனியையும் குடித்தே எழுபது நாள் சுமாருக்குக் காய்த்துவிடும். கேட்க அல்வா மாதிரி இருக்கும்.

ஏன் இப்படி நடக்கிறது? ஈரத்தைப் பிடித்து வைக்கிற வண்டலும் களியும் எங்களிடம் இருக்கிறது. அந்த மண்ணைப் பற்றித்தான் முதல் பகுதி. எந்த நெல் ரகத்தை எப்போது நட்டால் தையில் அறுப்பு வரும் என்பது இரண்டாவது. அதாவது தையில் தெளிக்கிற உளுந்துக்கு ஆவணியிலேயே கணக்குப் போட்டாக வேண்டும். தண்ணியை எப்போ வடிக்கிறது என்பது மூன்றாவது. நெல் சாய்ந்துவிட்டால் உளுந்தையே மறந்துவிடுங்கள் என்று நான்காவதில் எழுதியிருந்தேன். இத்தனைக்கும் பிறகுதான் "தெளிச்சா போதும்" என்ற அந்த வரி வருகிறது.

யாரோ ஒரு புண்ணியவான் அந்த ஐந்தாம் பகுதியை மட்டும் வெட்டினார். மேலே இருந்த எண்ணையும், "இதற்கு முந்தைய பகுதிகளைப் படித்துவிட்டு வாருங்கள்" என்ற வரியையும் கத்தரித்துவிட்டு வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார். அதைப் படித்த ஒருவருக்குச் சென்னையில் வேலை, செங்கல்பட்டுப் பக்கம் செம்மண் மேட்டு நிலம். சித்திரையில் உளுந்தைத் தெளித்தார். பாதி புறாவுக்குப் போச்சு, மீதி வெயிலுக்குப் போச்சு. அப்புறம் எனக்கே போன் போட்டு, "உங்க முறை வேலை செய்யலை" என்றார். என் முறையா அது? பந்தி நேரத்துக்கு வந்துட்டு மாப்பிள்ளை யாருன்னு கேட்கிற கதைதான்.

"ஒவ்வொரு கட்டுரையும் தனியாப் படிச்சாலும் புரியணும்" என்று அறிவுரை சொல்கிறார்கள். ரசப்பொடி அரைக்கிற குறிப்புக்கு அது சரி. பயிருக்குச் சரிப்படாது, ஏன்னா பயிரே ஒரு தொடர்கதை. நெல் தூர் கட்டும் காலத்தில் போட வேண்டிய யூரியாவைக் கதிர் வந்த பிறகு கொண்டுபோய்க் கொட்டினால் ஒரு தூர்கூட கூடாது, நோயும் பூச்சியும்தான் கூடும். போட்டது அதே உரம்தான். வரிசை தப்பினதால் கெட்டது. வயலில் வரிசை இவ்வளவு முக்கியம் என்றால் அதைப் பற்றி எழுதுவதில் மட்டும் வேண்டாமா?

ஐந்து பகுதியை யார் உட்கார்ந்து படிப்பா என்கிறீர்கள். கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை வாராவாரம் வந்தது. அதுவும் ஐந்து பாகம்தான். நம் வீட்டுப் பெண்கள் பத்திரிகையிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, வாரம் மாறாமல் அடுக்கி, கோணி ஊசியால் தைத்து, அட்டை போட்டு வைத்திருந்தார்கள். ஒரு இதழ் விட்டுப்போனால் தெருவெல்லாம் கேட்டு வாங்கி நடுவில் செருகுவார்கள். கதைக்கே அந்த மரியாதை. உங்கள் காசும் நிலமும் போகிற விஷயத்துக்கு நாலு பகுதி நீளமாகத் தெரிகிறதா?

ஜப்பானின் ஃபுகுவோகாவுக்கும் இதே கதிதான். அவருடைய 'ஒற்றை வைக்கோல் புரட்சி' 1975-ல் வந்தது. அதிலிருந்து "எதுவும் செய்யாத வேளாண்மை" என்ற ஒற்றை வரியை மட்டும் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டார்கள் நம் ஆட்கள். அவரும் நெல் நிற்கும்போதே பார்லியும் குளோவரும் தெளித்தவர்தான். ஆனால் எதற்குப் பின் எது, வைக்கோலை எப்போது பரப்புவது என்று ஒரு சங்கிலியே வைத்திருந்தார். அப்பாவின் ஆரஞ்சுத் தோட்டத்தில் கவாத்து செய்யாமல் சும்மா விட்டு மரங்கள் செத்துப்போனதையும் அதே புத்தகத்தில்தான் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தை யாரும் வெட்டி அனுப்புவதில்லை.

எழுதுகிற என் விவசாயத் தோழர்களையும் விடப்போவதில்லை. பொன்னாகச் சாய்ந்த கதிரை ஒரு நிமிட வீடியோவில் காட்டி "ஏக்கருக்கு லட்சம்" என்கிறீர்கள். எந்த மாசம், எந்த மண், இதற்கு முன் என்ன நடந்தது, எதுவும் கிடையாது. குறுவையை அறுத்த பிறகு ஐப்பசி மழையில் நெல்லை ரோட்டில் காயப்போட்டு, 17 சதவீத ஈரப்பதத்துக்கு இறக்க ராத்திரி பகலாகத் தார்ப்பாய் இழுக்கிற பகுதி எங்கே போச்சு? "தொடரும்" என்று போட்டுவிட்டு, பூச்சி அடித்ததும் தொடரைப் பாதியில் நிறுத்துகிறவர்கள் இன்னும் மோசம். படிக்கிறவனுக்கு உதவப்போவதே அந்தப் பூச்சி அடித்த பகுதிதானே ஐயா! எண் போடுங்கள். மாசம் போடுங்கள். முந்தினது எங்கே இருக்கிறது என்று முதல் வரியில் சொல்லுங்கள். விளையாமல் போனாலும் கடைசிப் பகுதியை எழுதுங்கள்.

என் உளுந்துத் தொடர் போன வருஷம் ஏழு பகுதியோடு முடிந்தது. இந்த மாசியில் எட்டாவது எழுத வேண்டியிருக்கிறது. வடக்கு வரப்போரம் அஞ்சாறு செடியில் மஞ்சத்தேமல் தெரிஞ்சுது, பிடுங்கிப் போட்டிருக்கேன். பரவுதா, அதோட நிக்குதான்னு பத்து நாள் பார்த்துட்டு எழுதுறேன். அதுவரைக்கும் ஒன்றிலிருந்து ஏழு வரை படித்து வையுங்கள், வரிசையாக.