பிரேக் மாறியது, கை மாறவில்லை!



நம்மில் பலர் சைக்கிள் பழகியது அப்பாவின் ராடு பிரேக் வண்டியில், குரங்குப் பெடல் போட்டுத்தான். நான்கு விரலாலும் இறுக்கிப் பிடித்தால் பத்தடி தள்ளியாவது வண்டி நிற்கும். அதே கையோடு டிஸ்க் பிரேக் போட்ட மவுண்டன் பைக்கில் ஏறினால்? என் கதைதான் ஆகும்!

மாமா வாங்கித் தந்த வண்டி. முதல் நாளே நாய் ஒன்று குறுக்கே வர, முன் பிரேக்கை ஒரே பிடி. வண்டி நின்றது; நான் நிற்கவில்லை!

அதாவது பரவாயில்லை. பிரேக் 'கீச் கீச்' என்று கத்துகிறதே என்று, சங்கிலிக்கு விடும் எண்ணெயை டிஸ்கிலும் இரண்டு சொட்டு விட்டேன். மெக்கானிக்கல் படிக்கிறவன் செய்த வேலை இது! மறுநாள் வண்டியை எடுத்துப் போன தம்பி, நாகல்நகர் மேம்பால இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் தள்ளுவண்டியில் மோதி மணிக்கட்டை ஒடித்துக் கொண்டான். "இந்தப் புது பிரேக்கே சரியில்லை" என்று வீட்டில் எல்லோரும் திட்டினார்கள். நான் வாய் திறக்கவில்லை.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போமா? 26 அங்குலச் சக்கரத்தில் ரிம்மின் ஆரம் சுமார் 280 மி.மீ. 160 மி.மீ. டிஸ்கின் ஆரமோ வெறும் 80. அதே திருப்புவிசை கிடைக்க டிஸ்கில் மூன்றரை மடங்கு உராய்வு விசை வேண்டும். அதனால்தான் பேட் டிஸ்கை ஒட்டினாற்போல் நிற்கிறது. கேபிள் வண்டியில் நெம்புகோலும், ஹைட்ராலிக்கில் பாஸ்கல் விதியும் நம் விரலின் சிறு விசையைப் பெருக்கித் தருகின்றன. அந்த இடத்தில் எண்ணெய் பட்டால் உராய்வே போச்சு!

ஆகவே, எந்த லீவர் முன் சக்கரத்துக்கு என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். ஒன்றிரண்டு விரல் போதும். புதுப் பேடை, ஆளில்லாத ரோட்டில் இருபது முறையாவது மெல்ல வேகம் குறைத்துப் பழக்குங்கள். எண்ணெய் குடித்த பேடை மாற்றிவிடுங்கள். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். இறங்கியதும் டிஸ்கைத் தொடாதீர்கள், சுட்டுவிடும்!

'சமவெளியில் ஓட்ட பழைய பிரேக் போதாதா?' என்பார்கள் சிலர். போதும்தான். ஆனால் மழையில் ரிம் நனைந்தால் அது வழுக்கும். குறை புதுமையில் இல்லை. பழகாத கையில் இருக்கிறது. கடையில் கியரைக் காட்டுகிறார்கள், கலரைக் காட்டுகிறார்கள். பிரேக்கைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. விற்பவர் சொல்லாவிட்டால், டிப்ளமோ படிக்கிற நாமாவது தெருப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா?

இந்த மலரைப் படிக்கும்போதுதான் தம்பிக்கும் உண்மை தெரியும். மன்னிச்சிடுடா!

- மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்