அரிசி ஆளைத் தேடி வரட்டும்!

ராமகுப்பம் வட்டாரம் மூன்று மாநில எல்லைகள் கூடும் பகுதி. மழை பொய்த்தால் நம் மக்களுக்குப் பெங்களூர்தான் கஞ்சி ஊற்றும் ஊர். குப்பத்தில் ரயிலேறிக் கூலிக்குப் போவோரும் உண்டு. கட்டட வேலைக் கொட்டகைகளிலேயே தங்கிவிடுவோரும் உண்டு.

2020 மார்ச் 22-ல் ரயில்கள் நின்றன. 24-ஆம் தேதி இரவு ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. கொரோனாவுக்கு அஞ்சிக் கதவடைத்த நாடு, அன்றாடங்காய்ச்சியின் அடுப்பை மறந்தது. ரேஷன் அட்டை ஊரில், உழைப்பாளி வெளியூரில்!

ஏப்ரல் முதல் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியமும், குடும்பத்துக்கு 1 கிலோ பருப்பும் இலவசம் என்றது மத்திய அரசு. நல்ல திட்டம்தான். ஆனால் அது அட்டைக்காரருக்கு மட்டுமே. அட்டையில்லாத 8 கோடி வெளியூர்த் தொழிலாளருக்கும் தானியம் என்ற அறிவிப்பு மே 14-ல்தான் வந்தது. ஊரடங்கு தொடங்கி ஐம்பது நாள் கழித்து! பசி ஐம்பது நாள் பொறுக்குமா? அந்நாட்களில் சோற்றுப் பொட்டலம் தந்த நல்ல உள்ளங்களை நாம் மறக்கமாட்டோம். ஆயினும் கேட்கிறோம்: உழைத்து நகரங்களைக் கட்டியவன் ஏன் கையேந்தி நிற்க வேண்டும்?

2021 ஜூன் 29-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: தொற்று நீடிக்கும்வரை வெளியூர்த் தொழிலாளருக்கு உலர் உணவுப் பொருள் கொடுங்கள்; சமூக சமையற்கூடங்களை நடத்துங்கள்; 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை'யை ஜூலை 31-க்குள் எல்லா மாநிலங்களும் நிறைவேற்றுங்கள். 2022 ஜூனில் அசாமும் சேர, அத்திட்டம் நாடு முழுவதும் பரவியது. இன்று தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் அட்டையானால், வேலைக்குப் போனவர் தம் பங்கைப் பெங்களூரில் வாங்கலாம். ஊரிலிருப்போர் மீதியை ராமகுப்பத்தில் வாங்கலாம். ஆனால் மாநில அரசு தன் பங்குக்குத் தரும் பருப்பும் பணமும் எல்லை தாண்டுவதில்லை. அட்டையே இல்லாதவருக்கோ எந்தக் கடையும் இல்லை.

ஆகவே நாம் வலியுறுத்துவது இது: கொள்ளைநோய்க் காலத்தில் அட்டை கேளாமல், ஆள் நிற்கும் இடத்திலேயே முதல் வாரத்திலிருந்து உணவு தரச் சட்டம் வேண்டும். அது தர்மமல்ல, உரிமை.

குடும்பத்தாரே! அட்டையில் எல்லோர் பெயரும் உள்ளதா, ஆதார் இணைந்துள்ளதா என்று இன்றே பாருங்கள். அட்டையில்லாத அண்டை வீட்டாரைச் சங்கத்துக்கு அழைத்து வாருங்கள். நோய் சொல்லிக்கொண்டு வருவதில்லை. நாம் முன்கூட்டியே ஒன்றுபட்டு நிற்போம்!