மூன்றாவது ஓட்டை

1989-ல் ஏ.ஆர்.ரஹ்மான் கோடம்பாக்கத்தில் வீட்டோடு ஸ்டூடியோ கட்டினார். இன்று ஒரகடம் பக்கம் பத்துக்குப் பத்து வாடகை ரூமே ஸ்டூடியோ!

கார் கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்கும் நண்பர், ஓவர்டைம் பணத்தில் மைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும் வாங்கினார். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவின் தாலாட்டைப் பதிவு செய்ய ஆசை. ஞாயிறு ராத்திரி அம்மாவுக்கு பஸ். சனிக்கிழமை போன் வந்தது.

"சார், பெட்டி அவுட்! 'ங்ங்ங்'னு ஒரே ரீங்காரம். ஒயர் எல்லாம் மாத்திட்டேன்."

"லேப்டாப் மெட்டலைத் தொட்டா சுருக்குங்குதா?"

"ஆமா சார், எறும்பு கடிச்ச மாதிரி!"

"சார்ஜரைப் பிடுங்குங்க."

பிடுங்கினார். நிசப்தம்.

விஷயம் இதுதான். நம் வீட்டு கரண்ட் வினாடிக்கு 50 முறை ஆடுகிறது. சார்ஜரில் கசிகிற துளி மின்சாரம் மூன்றாவது பின் வழியாக பூமிக்குப் போக வேண்டும். நண்பர் ரூமில் மூன்றாவது ஓட்டை வெறும் அலங்காரம்; பின்னால் எர்த் ஒயரே இல்லை. போக வழியில்லாத கசிவு, மைக் ஒயர் பக்கம் வந்து பாடுகிறது!

எர்த் இருந்தும் இரைந்தால் லேப்டாப், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே போர்டில் சொருகிப் பாருங்கள். எர்த் பின்னை மட்டும் உடைக்காதீர்கள். சத்தம் போகலாம்; கூடவே ஆளும் போகலாம்.

பாட்டரி தீர்வதற்குள் அம்மா பாடி முடித்துவிட்டார். நடுவில் டிரெய்லர் லாரி ஹாரன்.

"அதை வெட்டிடலாமே?" என்றேன்.

"இருக்கட்டும் சார். எங்க பாடினாங்கன்னு தெரியணுமில்ல?"