நம்ம ஆளுக சிரிக்கிற புத்தகம்



இந்த இதழின் தலையங்கத்தை ஒரு தவறை ஒப்புக்கொண்டுதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

ஓட்டப்பிடாரத்தில் எங்கள் தெருவில் ஒரு படிப்பகம் இருக்கிறது. படிப்பகம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு ஓட்டு வீட்டின் திண்ணை, ஒரு இரும்பு அலமாரி, ஒரு டியூப் லைட், சுவரில் அண்ணல் படம். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் சாயங்காலம் வந்து உட்காருவார்கள். தாய் தகப்பன் உப்பளத்துக்கோ கரிமூட்டத்துக்கோ காட்டு வேலைக்கோ போயிருப்பார்கள். அவர்கள் வீடு திரும்பும்வரை பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணைதான் போக்கிடம்.

போன கோடை விடுமுறையில் ஏழாம் வகுப்பு முடித்த ஒரு பிள்ளை வந்து, "மாமா, படிக்க ஏதாச்சும் குடுங்க" என்றாள். எனக்கு ரொம்ப சந்தோஷம். வெண்மணி பற்றிய ஒரு சிறுநூலை எடுத்துக் கொடுத்தேன். 1968 டிசம்பர் 25 ராத்திரி குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்ட 44 பேரைத் தெரிந்துகொள்ளாமல் நம் பிள்ளைகள் வளரக்கூடாது என்பது என் எண்ணம். மறுநாளே கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

"படிச்சிட்டியாம்மா?"

"பாதி படிச்சேன் மாமா. ராத்திரி தூக்கமே வரல. நீங்க குடுக்குற புஸ்தகத்துல எல்லாம் நம்ம ஆளுக செத்துத்தான் போறாங்க. நம்ம ஆளுக சிரிக்கிற புஸ்தகம் ஒண்ணுகூட இல்லையா?"

அலமாரியைத் திரும்பிப் பார்த்தேன். தலைவர்கள் வரலாறு, உண்மை அறியும் குழு அறிக்கைகள், மாநாட்டு மலர்கள், போட்டித் தேர்வுக் கையேடுகள். சிரிப்பு எங்கே இருக்கிறது? அந்தப் பிள்ளை அதற்குப்பிறகு ரெண்டு வாரம் படிப்பகத்துப் பக்கமே வரவில்லை. தப்பு அவளுடையதல்ல, என்னுடையது. என்னுடையது மட்டுமல்ல, நம் இயக்கத்தின் தப்பும்தான். அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

நமக்கு ஏன் இந்த அவசரம் வந்தது என்பதற்குக் காரணம் இருக்கிறது. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் போலீஸ் நுழைந்தபோது என்ன நடந்தது என்பதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. டிவி, மின்விசிறி, தையல் மெஷின் எல்லாவற்றையும் நொறுக்கினார்கள். துணிமணிகளைக் குவித்து எரித்தார்கள். அதோடு விட்டார்களா? படித்த இளைஞர்களின் சான்றிதழ்களையும் பாஸ்போர்ட்டுகளையும் கொளுத்தினார்கள். சேரிக்காரன் வீட்டில் இருக்கும் காகிதத்தின் மதிப்பு என்ன என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள். எங்களுக்குப் புத்தகம் என்றால் ஆயுதம். ஆயுதத்தை விளையாட்டுக்குக் கொடுப்பார்களா? ஆகவே பிள்ளைகளுக்கும் பாடமாகத்தான் கொடுத்தோம், மருந்தாகத்தான் கொடுத்தோம்.

அடுத்த பக்கத்தில் நடப்பது என்ன? கடையில் கிடைக்கும் சிறுவர் கதைகளைப் புரட்டிப் பாருங்கள். ராஜா, மந்திரி, பரம ஏழையான ஒரு பிராமணர், பேராசைக்கார வியாபாரி. உழுகிறவன், செருப்புத் தைக்கிறவன், துணி வெளுக்கிறவன் வந்தால் முட்டாளாக வருவான், இல்லையென்றால் திருடனாக வருவான். பெரும்பாலும் வரவே மாட்டான். படத்தில் இருக்கும் வீட்டுக்கு மாடிப்படி இருக்கும், பிள்ளைக்குத் தனி அறை இருக்கும், அம்மா வீட்டிலேயே இருப்பாள். அளத்தில் உப்பு வாரிக் காலெல்லாம் வெடித்துப்போன அம்மா எந்தப் படத்தில் இருக்கிறாள்?

இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமில்லை. அமெரிக்காவில் நான்சி லாரிக் என்கிற வெள்ளைக்காரப் பெண்மணி 1965இல் ஒரு கட்டுரை எழுதினார். படப்புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த 5 வயதுக் கறுப்பினக் குழந்தை ஒன்று, இதில் ஏன் எப்போதும் வெள்ளைக் குழந்தைகளே வருகிறார்கள் என்று கேட்டதாம். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு அவர் கணக்கெடுத்தார். 1962 முதல் 1964 வரை மூன்று ஆண்டுகளில் வந்த 5,206 சிறுவர் நூல்களில் ஒரு கறுப்பராவது இடம்பெற்றவை 349 மட்டுமே. 100க்கு 7கூட இல்லை. தமிழில் வரும் சிறுவர் நூல்களை எடுத்துவைத்து, சேரிப்பிள்ளை எத்தனையில் வருகிறது, எப்படி வருகிறது என்று நாமும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எதைப் படிப்பது என்கிற சண்டை நம் அண்ணலின் வீட்டிலேயே நடந்திருக்கிறது. 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்கு 1956இல் எழுதிய முன்னுரையில் அவரே சொல்கிறார். அப்பா ராம்ஜி தினமும் பிள்ளைகளைப் பாரதமும் ராமாயணமும் படிக்க வைப்பார். பிராமணர், சத்திரியர் பெருமையும் சூத்திரர், தீண்டப்படாதார் இழிவும் நிறைந்த இவற்றை ஏன் படிக்கச் சொல்கிறீர்கள் என்று சிறுவன் பீமன் கேட்டிருக்கிறான். சின்னப்பயல்கள் இப்படியெல்லாம் கேட்கக்கூடாது என்று முதலில் அதட்டிய அப்பா, பிறகு காரணம் சொன்னார். துரோணரும் கர்ணனும் எளிய நிலையிலிருந்து உயர்ந்தவர்கள், வால்மீகி கோலி சாதியில் பிறந்தவர், அதைப் படித்தால் பிள்ளைகளுக்குத் தாழ்வு மனப்பான்மை போகும் என்று நினைத்தாராம். பிள்ளைமேல் உள்ள பாசத்தில்தான் சொன்னார். ஆனால் மகன் ஏற்கவில்லை.

அந்த இடத்தில் இன்னொருவர் வருகிறார். கேலுஸ்கர் என்கிற ஆசிரியர். பம்பாய் சர்னி ரோடு பூங்காவில் தினமும் தனியாக உட்கார்ந்து படிக்கும் ஒரு பையனைக் கவனித்திருக்கிறார். பரீட்சையில் தேறியதற்காக அந்தப் பையனுக்கு நடந்த பாராட்டுக் கூட்டத்தில், தான் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாகக் கொடுத்தார். அந்தப் புத்தகத்தின் துணையோடுதான் புத்தரிடம் போனேன் என்று அண்ணல் எழுதுகிறார். 1956 அக்டோபரில் நாகபுரியில் லட்சக்கணக்கானோர் பௌத்தம் தழுவியதற்குப் பின்னால், ஒரு பள்ளிக்கூடப் பையன் கையில் கொடுக்கப்பட்ட ஒரு புத்தகமும் இருக்கிறது.

ராம்ஜி தனக்குச் சரியென்று பட்டதைப் பிள்ளை கையில் திணித்தார். கேலுஸ்கர் பையன் படிப்பதைப் பல நாள் பார்த்துவிட்டுக் கொடுத்தார். நான் ராம்ஜி செய்ததைத்தான் செய்திருக்கிறேன். புத்தகம் வேறு, முறை அதேதான்.

கறுப்பர் விடுதலைக்காக உழைத்த டுபாய்ஸுக்கும் இந்தச் சங்கடம் வந்தது. அவர் நடத்திய 'கிரைசிஸ்' இதழில் ஒவ்வொரு மாதமும் கறுப்பர்கள் அடித்துக் கொல்லப்பட்ட செய்திகளை வெளியிட வேண்டியிருந்தது. பிள்ளைகளும் அதைப் படித்தார்கள். 12 வயதுச் சிறுமி ஒருத்தி, வெள்ளைக்காரர்களை நானும் வெறுக்கிறேன் என்று அவருக்குக் கடிதம் எழுதினாள். அது அவரைக் கலக்கிவிட்டது. உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியாது, ஆனால் வெறுப்பை மட்டும் பிள்ளைக்குச் சீதனமாகக் கொடுக்கவும் முடியாது என்று யோசித்து, 1920 ஜனவரியில் கறுப்பினக் குழந்தைகளுக்காக 'பிரௌனீஸ் புக்' என்ற மாத இதழைத் தொடங்கினார். கதை, பாட்டு, விளையாட்டு, பிள்ளைகளின் படங்கள் எல்லாம் அதில் வந்தன. 1921 டிசம்பரோடு இதழ் நின்றுபோனது. ஆனால் அந்த ரெண்டு ஆண்டுக்குள், பின்னாளில் பெரிய கவிஞரான லாங்ஸ்டன் ஹ்யூஸின் தொடக்கக் கவிதைகளை அது அச்சிட்டுவிட்டது.

சில தோழர்கள் கோபப்படலாம். "2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படிக்கிற பையன்களே வீடு புகுந்து நம்ம பிள்ளைய அரிவாளால வெட்டினான். நீ சிரிப்புக் கதையப் பத்திப் பேசுற?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்குப்பிறகு அமைந்த நீதிநாயகம் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதிக்கயிறு கட்டுவது முதல் பலவற்றைத் தடுக்கச் சொன்னது. கயிற்றை அவிழ்த்துவிடலாம், மண்டைக்குள் இருப்பதை எதைக்கொண்டு அவிழ்ப்பது? அரிவாள் தூக்கியவர்களும் பள்ளிக்கூடப் பையன்கள்தானே. அவன் வயதுக்கு அவன் என்ன படித்தான்? சாதிப் பெருமை பேசும் பாட்டும் செல்போன் வீடியோவும்தான் அவனுக்குக் கிடைத்தன. ஒரு சேரிப்பிள்ளையின் குறும்பை, பயத்தை, சிநேகத்தைக் கதையாக அவன் 10 வயதில் படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அதைப் படிக்காமல் வளர்ந்ததன் விலையைக் கொடுப்பவர்கள் நாம். ஆகவே நம் பிள்ளைகள் சிரிக்கிற புத்தகம் ஊர்ப்பிள்ளைகளின் கைக்கும் போக வேண்டும்.

பிள்ளைகளிடம் கொடுமையை மறைக்கச் சொல்லவில்லை. மறைக்கவும் முடியாது, அவர்கள் தினமும் அதற்குள்தான் நடந்து பள்ளிக்கூடம் போகிறார்கள். கேள்வி, எந்த வயதில், எப்படி என்பதுதான். அண்ணல் 9 வயதில் அப்பாவைப் பார்க்கக் கோரேகாவ் போன வழியில் மாட்டுவண்டிக்காரன் தொட மறுத்த கதையும், ராத்திரி முழுக்கக் குடிக்கத் தண்ணீர் கிடைக்காத கதையும் நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். அதை 'பீமாயணம்' என்று 2011இல் கோண்டு ஓவியர்கள் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் படக்கதையாக வரைந்திருக்கிறார்கள். மீனும் மயிலும் பாம்பும் நெளியும் அந்தப் பக்கங்களைப் பிள்ளைகள் விரல் வைத்துத் தடவிப் பார்க்கிறார்கள். கதை வலிக்கிறது, கண் சந்தோஷப்படுகிறது. ரெண்டும் சேர்ந்தே நடக்கிறது.

பாமாவின் 'கருக்கு' (1992) முழுக்கக் கண்ணீர் என்றே நாம் பேசிவருகிறோம். தெருவில் ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலத்தை நூலில் பிடித்துத் தூக்கிவருவதைப் பார்த்துச் சிறுமி விழுந்து விழுந்து சிரிக்கிறாளே, அந்தச் சிரிப்பை மறந்துவிட்டோம். அண்ணன் காரணம் சொன்ன பிறகுதான் அவளுக்குச் சிரிப்பு அடங்கிக் கோபம் வருகிறது. முதலில் சிரித்ததால்தான் அந்தக் கோபம் நமக்கும் சுடுகிறது. அவருடைய 'கிசும்புக்காரன்' (1996) கதைகளைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். திண்ணையே குலுங்கியது. 15, 16 வயதுப் பையன்களுக்குப் பூமணியின் 'வெக்கை'யை (1982) கொடுக்கிறேன். அவர்கள் வயதுப் பையன் அப்பாவோடு காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரியும் கதை. பாடப்புத்தகத்தைத் தொடாதவன்கூட அதை முடித்துவிட்டுத்தான் கீழே வைக்கிறான். பள்ளிக்கூடத்திலிருந்து விரட்டப்பட்ட ஜப்பான் சிறுமி டோட்டோசானின் கதை எங்கள் தெருவில் ரொம்பப் பிரபலம். "அவளையும் வெரட்டிட்டாங்களா!" என்று கேட்டுக்கொண்டே படிக்கிறார்கள்.

அச்சில் வராத நூலகமும் நம் வீட்டிலேயே இருக்கிறது. பக்கத்துக் கவர்னகிரியில் பிறந்த வீரன் சுந்தரலிங்கத்தின் கதையை எங்கள் தெருக் கிழவி சொல்லும்போது வெடிமருந்துக் கிடங்கு வெடிக்கும், குதிரை ஓடும், பிள்ளைகள் வாய்பிளந்து கேட்கும். 1997இல் அந்தப் பெயரை ஒரு அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வைத்ததற்கே தென்மாவட்டங்களில் கலவரம் செய்தார்கள். கடைசியில் எல்லாத் தலைவர்கள் பெயரையும் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் அரசு எடுத்துவிட்டது. பஸ்ஸிலிருந்து எடுக்கலாம், கிழவி வாயிலிருந்து எடுக்க முடியுமா? இந்தக் கதைகளையும் விடுகதைகளையும் பிள்ளைகளே எழுதிப் படம் போட்டு ஒரு கையெழுத்துப் பத்திரிகை கொண்டுவருகிறார்கள். ரெண்டு இதழ் வந்திருக்கிறது. எழுத்துப்பிழை நிறைய. நான் திருத்தவில்லை.

தேர்வு செய்வதற்கு எங்களுக்குப் பெரிய கோட்பாடு எதுவும் இல்லை. கொடுக்கும் முன் நாங்கள் முழுக்கப் படிக்கிறோம். இந்தக் கதையில் வேலை செய்வது யார், சிரிப்புக்கு ஆளாவது யார் என்று பார்க்கிறோம். கறுப்பு நிறத்தை, கறி தின்பதை, நம் பேச்சைக் கேலி செய்கிற புத்தகம் அலமாரிக்கு ஏறாது. அதற்குமேல் பிள்ளை விருப்பம். பிடிக்கவில்லையென்றால் பாதியில் வைத்துவிடலாம். படித்து முடித்ததும் "இதிலிருந்து என்ன தெரிஞ்சிக்கிட்ட?" என்று கேட்பதை நிறுத்திவிட்டோம். அந்தக் கேள்வி பரீட்சைக்குச் சொந்தம்.

அரசிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. 1948இலேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாகாணம் இது. சொத்துவரியோடு நூலக வரியும் வாங்குகிறார்கள். 2023இல் பள்ளிக்கல்வித் துறை வாசிப்பு இயக்கம் என்று நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளில் சிறு புத்தகங்கள் கொண்டுவந்தது. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் பஞ்சாயத்து நூலகம் ஊருக்குள் இருந்து, சாவி ஊர்க்காரர் இடுப்பில் இருந்தால், சேரிப்பிள்ளை எங்கே நுழைவது, எங்கே பறப்பது? நம் தெருவிலும் ஒரு கதவு திறக்க வேண்டும்.

நாமும் செய்ய வேண்டியது இருக்கிறது. தீப்பெட்டி ஆபீஸிலும் அளத்திலும் பிள்ளைப்பருவத்தைத் தொலைத்த தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்கள் இந்தப் பிள்ளைகள். காரணமே இல்லாமல் ஒரு கதையைப் படித்துச் சந்தோஷப்படுவது பணக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் எழுதிவைத்த சொத்தா? அதையும் சேர்த்துத்தான் விடுதலை என்று கேட்கிறோம்.

அந்தப் பிள்ளை மறுபடி வந்துவிட்டாள். வந்ததும் அலமாரியைத் தானே திறந்து தேடினாள். நான் பக்கத்தில் போகவில்லை.

இந்த இதழைப் படிக்கும் ஒவ்வொரு தோழரும், 10 வயதில் தன்னைச் சிரிக்க வைத்த ஒரு புத்தகத்தை எங்களுக்கு அனுப்பிவையுங்கள். அப்படி ஒன்று உங்களுக்குக் கிடைக்கவே இல்லையென்றால், உட்கார்ந்து ஒன்று எழுதி அனுப்புங்கள்.

ஜெய்பீம்.

தோழமையுடன்,
ஆசிரியர்